ஒளித்து வைத்த பனிக்காலச் சீட்டு

மாமா,

இன்று பின்னேரம் அம்மா உங்கள் அலுமாரியைத் திறந்தார். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது, உடுப்புகளை இனியும் வைத்திருக்கக் கூடாது என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைகளுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நீலக் குளிர் ஜக்கெட்டை எடுத்தபோது நான் பிடுங்கிக்கொண்டேன். "அது உனக்குப் பெரிசு பிள்ளை" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு முகத்தை அதற்குள் வைத்தேன். அடுப்பில் கருகிய மாவும் உள்ளி எண்ணெயும் சேர்ந்த மணம். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத அந்த இத்தாலியக் கடைக் குசினியின் மணம். நீங்கள் வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வருகிற மணம்.

ஜக்கெட்டின் உள்பையில் ஒரு கடதாசி இருந்தது. நாலாக மடித்தது. விரித்தபோது அதற்குள்ளிருந்து இரண்டு பொருட்கள் என் மடியில் விழுந்தன. ஒன்று, இதய வைத்தியரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்து நீங்கள் எடுத்திருந்த டெர்மின் துண்டு. மற்றது, எங்கள் விளையாட்டுப் பெட்டியின் பனிக்காலச் சீட்டு.

அந்தச் சீட்டை நான் அல்லவா ஒளித்து வைத்திருந்தேன் மாமா? அது எப்படி உங்கள் பைக்குள் வந்தது?

போர்வைக்குள் இருந்துகொண்டு, கைபேசி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அப்பா பேருந்துகளைக் கழுவுகிற வேலைக்குப் போய்விட்டார். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டால் அம்மாவிடம் சொல்வதற்குக் கொஞ்சமாவது பழகிவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஜெர்மன் வாசிக்க மாட்டீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்டியை நினைத்துப் பார்க்கிறேன். வாய்க்கால் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிற பழைய சாமான் சந்தை. நீங்கள் குளிருக்குத் தொப்பி தேடி வந்தீர்கள். தொப்பி வாங்கவில்லை. மூலைகள் கிழிந்த ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள். மூடியில் ஒரு கோட்டை, மண் நிறத்தில் மலைகள், கீழே யானைகள் இழுத்துக்கொண்டு போகிற பீரங்கிகள்.

"இது என்ன சண்டை? வாசி பாப்பம்."

நான் வாசித்துச் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டு. முகலாயப் பேரரசின் எல்லையில் இருந்த கந்தகார் மாகாணத்தைப் பாரசீகர்கள் பிடித்துவிட்டார்கள். பேரரசர் தன் இளவரசனைப் பெரிய படையோடு அனுப்பித் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார். ஒருவர் முகலாயப் படை, மற்றவர் கோட்டைக்குள் இருக்கிற பாரசீகத் தளபதி.

"விட்டதைத் திரும்பப் பிடிக்கப் போறவங்கள் எந்தப் பக்கம்?"

"முகலாயர்."

"அப்ப அது நான். நீ கோட்டைக்குள்ள இரு."

அன்று தொடக்கம் ஒவ்வொரு ஞாயிறும், உங்கள் லீவு நாளில், எங்கள் சாப்பாட்டு மேசையில் கந்தகார் விரிந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "யுத்தத்துக்குத் தப்பி ஓடி வந்தவன், இஞ்ச மேசையில யுத்தம் வைக்கிறான். சோத்துக் கோப்பையை எங்க வைக்க?" என்பார். நீங்கள் ஒரு யானையை எடுத்து ஓரமாக நகர்த்திவிட்டு, "அக்கா, இந்த மலைக்குப் பின்னால வையுங்கோ. அவடத்தில எதிரி இல்லை" என்பீர்கள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பையை அந்த இடத்தில்தான் வைப்பார்.

விதிகள் எல்லாம் ஜெர்மனில் இருந்தன. ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதை நான் உரக்கத் தமிழில் சொல்வேன். ஒட்டகங்களுக்கு நோய். வெடிமருந்து வந்து சேர்ந்தது. பெரிய பீரங்கி ஒன்று வெடித்துப் போனது. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் உங்களுக்குச் சட்டம். உங்களுக்கு வருகிற கடிதங்களுக்கும் அப்படித்தானே? மின்சாரக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம். நான் வாசித்து இரண்டு வசனத்தில் சொல்வேன். நீங்கள் காதில் செருகியிருக்கிற பென்சிலை எடுத்து, கடிதத்தின் மேல்மூலையில் தமிழில் ஒரு சொல் எழுதி வைப்பீர்கள். "கரண்ட்." "விசா." "சும்மா." விளம்பரங்கள் எல்லாம் "சும்மா". ஒருமுறை கோயில் திருவிழா அழைப்பிதழிலும் பழக்கத்தில் "சும்மா" என்று எழுதிவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கினீர்கள்.

அந்தச் சீட்டுக்கட்டில் பனிக்காலச் சீட்டு ஒன்றே ஒன்றுதான். அது வந்தால் கணவாய்கள் மூடிவிடும். கோட்டைக்கு வெளியே நிற்கிற படை முழுவதும் அழிந்துவிடும். அதற்கு முன்னால் திரும்பிப் போனால் ஆட்கள் மிஞ்சுவார்கள், ஆனால் மாகாணம் கிடைக்காது. நீங்கள் ஒருநாளும் திரும்பிப் போகவில்லை. "இன்னும் ரெண்டு சீட்டு, இன்னும் ரெண்டு சீட்டு" என்று கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பனி வந்துவிடும். யானைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போடுவீர்கள். எனக்கு வென்ற சந்தோசமே வராது.

அதனால்தான் அந்தச் சீட்டை எடுத்து ஒளித்தேன். ஆறாவது தரமோ ஏழாவது தரமோ நீங்கள் தோற்ற பிறகு. வீடு முழுக்க ஜெர்மன் புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்குள் வைத்திருந்தால் நீங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். நான் போய், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கொப்பியின் கடைசி மட்டைக்குள் வைத்தேன். இந்த வீட்டில் நீங்கள் எடுத்து வாசிக்கக்கூடிய ஒரே கொப்பி அதுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சற்று முன் அதை எடுத்து மட்டையைப் பிரித்துப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நீங்கள் எப்போது எடுத்தீர்கள் மாமா? என் "எனது விடுமுறை நாள்" கட்டுரைக்குச் சிரித்தீர்களே, அன்றா?

இனி அடுத்த ஒளிப்பைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் கடைசி. அதுவும் உங்களுக்கு லீவு நாள்தான். அந்தக் கிழமை மட்டும் கடையில் திங்கட்கிழமையை லீவாக மாற்றித் தந்திருந்தார்கள். ரயில் நிலையத்துப் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இடது கை இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிற வேலை, லீவு எடுக்க முடியவில்லை. நான் கடைசிப் பாடத்தை விட்டுவிட்டு உங்களோடு வைத்தியரிடம் வந்தேன். வழி முழுக்க நீங்கள் போரைப் பற்றியே கதைத்தீர்கள். கோட்டையின் வடக்குச் சுவரை இன்று உடைத்துவிடலாம், திங்களிலும் ஒரு ஞாயிறு கிடைத்திருக்கிறது என்று.

வைத்தியர் உங்களுடைய நெஞ்சில் கம்பிகளை ஒட்டி எடுத்த தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். வேலை என்றேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நல்லது. நீங்கள் மறுத்தால், குறைந்தது இதய வைத்தியரையாவது அவசரமாகப் பார்க்க வேண்டும், அதற்கான கடிதம் இது. "அவரிடம் அப்படியே சொல்" என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "என்னவாம்?"

எனக்குத் தமிழில் எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தது மாமா. தெரியாமல் விடவில்லை. ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுத்தபோது, நீங்கள் ஒரேயொரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் ஊரில் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் யாரும் வெளியில் வரவில்லை என்று. அதைச் சொன்னபோது உங்கள் கை மேசையைப் பிடித்திருந்த விதமும் நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும். அதை மறைக்கக் கூடாது. அன்று பின்னேரம் நீங்கள் சுவரை உடைக்கிறதாக இருந்தது. பனிக்காலச் சீட்டு கட்டில் இல்லை. நீங்கள் வெல்வதை நான் பார்க்க ஆசைப்பட்டேன்.

"இதய டொக்டரிட்ட ஒரு டெர்மின் எடுக்கட்டாம் மாமா. குளிருக்குள்ள கவனமா இருக்கட்டாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"இதுக்கு இவ்வளவு நேரம் கதைச்சவவோ? இந்த ஜெர்மன்காரரின்ர டொச் நீளமான பாஷைதான்."

வைத்தியர் என்னிடம், சரியாகச் சொன்னாயா என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு மொழியில் பொய் சொன்னேன். நீங்கள் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கடிதத்தின் மூலையில் எழுதினீர்கள். "டெர்மின்."

அன்று வடக்குச் சுவர் உடையவில்லை. பகடை உங்களுக்கு விழவே இல்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் முற்றுகை நீண்டுகொண்டே போனது. "என்ன பிள்ளை, இந்தமுறை குளிர் வரக் காணேல்லை? ஆப்கானிஸ்தானிலயும் காலநிலை மாறிட்டுது போல" என்றீர்கள். நான் சீட்டுகளைக் குலுக்கிக்கொண்டு, "உங்கட அதிர்ஷ்டம் மாமா" என்றேன். நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். நான் அதை அதிர்ஷ்டத்தைப் பற்றிய பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு வந்த ஞாயிறு. நீங்கள் பகடையைத் தொடவில்லை. நெடுநேரம் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யானைகளின் முகங்களை ஒவ்வொன்றாகக் கணவாய்ப் பக்கம் திருப்பினீர்கள்.

"என்ன செய்யிறீங்கள்?"

"திரும்பிப் போறம்."

"ஏன் மாமா? இன்னும் ஒரு சுவர்தான் இருக்கு! இந்தமுறை நீங்கள் வெல்லலாம்!" எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செய்த களவு முழுவதும் வீணாகிறதே என்ற கோபம்.

"அவங்களுக்கும் வீட்டில ஆக்கள் இருப்பினம்தானே" என்றீர்கள். யானைகள் முடிந்து பீரங்கிகளைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். "உண்மையில பிடிச்சவங்களோ இந்த இடத்தை?"

நான் பள்ளி நூலகத்தில் தேடி வைத்திருந்தேன். "இல்லை. மூண்டு தரம் போனவை. மூண்டு தரமும் ஏலாமல் திரும்பிட்டினம்."

"திரும்பினவைக்கு வீட்டில என்ன சொன்னவையாம்?"

"அது புத்தகத்தில இல்லை மாமா."

"அதுதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனீர்கள்.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகிற வழியில், நிலையத்துப் படியில் விழுந்தீர்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் உங்கள் தலைக்குக் கீழே தன் சால்வையை மடித்து வைத்தாராம். அந்தச் சால்வை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

செத்தவீட்டன்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டொக்டர் வேற ஒண்டும் சொல்லேல்லையோ பிள்ளை?" இல்லை என்றேன். அந்தியேட்டிக்கு முதல்நாள் பலகாரம் சுடும்போது மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். இன்று உங்கள் சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தவர் கேள்வி கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் ஒருநாள் லீவு போட்டிருக்கலாம். ஒரேயொரு நாள். என்ர தம்பியை ஒரு பச்சைப்பிள்ளையோட அனுப்பிப்போட்டு நான் கட்டில் விரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்." ஒவ்வொரு சேர்ட்டுக்கும் அதையே சொன்னார். நான் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னுடைய பாரத்தை அம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்பதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் அந்தக் கடதாசியைத் தனியே வைத்துப் பார்த்தேன். அது அந்த வைத்தியரின் கடிதம். மூலையில் பென்சிலால் "டெர்மின்". அதற்குக் கீழே, நீல மையில், கடையில் ஓடர் எழுதுகிற அந்தத் தடித்த பேனையால், உங்கள் கையெழுத்தில் இன்னொரு சொல். "அவசரமாம்."

யார் வாசித்துச் சொன்னார்கள்? உங்களோடு மாவு பிசைகிற குமார் அண்ணையாகத்தான் இருக்க வேண்டும். டெர்மின் துண்டில், பதிவு செய்த நாளும் அச்சடித்திருக்கிறது. நாங்கள் வைத்தியரிடம் போய் இரண்டாம் நாள். அவசரம் என்று எழுதியும், கிடைத்த முதல் இடம் பெப்ரவரியில்தான் போலிருக்கிறது. நான் முழுவதையும் சொல்லவில்லை என்பது உங்களுக்கு இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிறு என் முன்னால் இருந்து, நான் சொல்வதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு விளையாடினீர்கள். சீட்டையும் கடிதத்தையும் ஒன்றாக மடித்து நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கும் என்றா? இல்லை, ஒருத்தராவது உங்கள் சீட்டுக்கட்டிலிருந்து பனியை எடுத்துவிட்டாரே என்ற ஆறுதலா?

சீட்டைப் பார்த்ததும் முதலில் என் நெஞ்சு இலேசானது மாமா. உங்களுக்குத் தெரியும், நீங்களாகவே டெர்மின் எடுத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் என்னால் ஒன்றும் கெடவில்லை என்று. அந்த நிம்மதி பல் தீட்டி முடிக்கும் வரைதான் இருந்தது. கடிதத்தை மறுபடியும் எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். "அவசரம்" இருக்கிறது. "இன்றைக்கே" இல்லை. அதை அந்த வைத்தியர் எழுதவில்லை. வாயால் சொன்னார். குமார் அண்ணை எத்தனை தரம் வாசித்திருந்தாலும் அது உங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்த ஒரு சொல் என்னிடம் மட்டும்தான் தரப்பட்டது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா? தெரியாது. "விசர்க் கதை, நாளைக்குப் பாப்பம்" என்றிருப்பீர்களோ என்னவோ. ஆனால் அம்மாவுக்குச் சொல்லியிருந்தால், அம்மா உங்களைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் பயம்.

டெர்மின் துண்டை இப்போது கொப்பியின் மேல் வைத்திருக்கிறேன். நாள், நாளைய நாள். நேரம், காலை எட்டு இருபது. நீங்கள் இல்லை என்று அங்கே யாருக்கும் தெரியாது. காலையில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். எங்கள் பெயர்களைக் கூப்பிடுகிற மாதிரி, பாதியில் நின்று, தொண்டையைச் செருமி, மறுபடியும் கூப்பிடுவார்கள். யாரும் எழும்ப மாட்டார்கள். வராமல் விட்டவர் என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அப்படி நடக்க விடமாட்டேன் மாமா. நீங்கள் வராமல் விட்டவர் இல்லை.

அம்மா ஐந்தரைக்கு எழும்புவார். தேத்தண்ணி வைக்கும்போது குசினிக்குப் போவேன். கடிதத்தை, துண்டை, சீட்டை மூன்றையும் மேசையில் வைப்பேன், அவர் சோற்றுக்கோப்பை வைக்கிற அந்த மலைக்குப் பின்னால். வைத்தியர் சொன்னதை முதலில் ஜெர்மனில் சொல்வேன், பிறகு தமிழில், ஒரு சொல்லும் விடாமல். "இன்றைக்கே" என்பதையும். அதற்குப் பிறகு அவர் வந்தால் அவரோடு, வராவிட்டால் தனியாக, எட்டு மணிக்கு அங்கே போய் நிற்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். இவர் என் மாமா, இவர் வருவதாகத்தான் இருந்தார், இவருடைய இடத்தை இன்றைக்கே வேறு யாருக்காவது கொடுங்கள்.

சீட்டை அதன் பிறகு சீட்டுக்கட்டில் திரும்ப வைத்துவிடுவேன். ஜக்கெட்டை வைத்துக்கொள்வேன். பென்சிலையும். அது எங்கே என்று அம்மா தேடிக்கொண்டிருக்கிறார், என் காதில் இருக்கிறது.

இப்போது அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார். காலடி கேட்கிறது. என் கதவடியில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புகிறார். வெளிச்சத்தை அணைத்துவிட்டு, இருட்டில் கையால் தடவிக் கடைசி வரிகளை எழுதுகிறேன். கோணலாக இருக்கும்.

ஏலாமல் திரும்பி வந்தவர்களுக்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள் மாமா. எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு எனக்குத் தெரிந்துவிடும்.